யார் சொல்லித் திறக்கிறது?

ஆம்பூர் டேனரிகளில் குரோம் ஏறிய தோலுக்கு ஒரு சோதனை உண்டு. டிரம்மிலிருந்து எடுத்த நீலத் தோலின் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டுவார்கள். அதைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போடுவார்கள். பிறகு கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டை நிரப்பினால் தோல் பதமாகிவிட்டது. சுருண்டு மூலையில் ஒதுங்கினால் டிரம் இன்னும் ஓட வேண்டும்.

பட்டைத் தோலை இந்தச் சோதனைக்கு யாரும் அனுப்புவதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் குடித்த தோல், ஈரத்தோடு 80 டிகிரியை நெருங்கும்போதே சுருங்க ஆரம்பித்துவிடும். பதப்படுத்தாத பச்சைத் தோலுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. 60ஐக் கொஞ்சம் தாண்டினால் போதும். வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர்களின் பிழைப்பே அந்தப் பலவீனத்தில்தான் ஓடியது.

தோலுக்கும் சூட்டுக்கும் உள்ள இந்தத் தகராறு ஒரு வால்வின் வாழ்க்கை வரலாற்றிலும் குறுக்கே வருகிறது. நீராவி எஞ்சினின் வால்வைச் சொல்கிறேன். ஆள் கை படாமல் தானே திறந்து தானே மூடிக்கொள்கிற வால்வு. வால்வு என்பது ஒரு கதவு, அவ்வளவுதான். கதவு செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எப்போது திறப்பது, எப்போது மூடுவது, அதை யார் சொல்வது என்பதில்தான் 300 வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1712ல் இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில், நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரை இறைக்க தாமஸ் நியூகொமன் ஒரு எஞ்சினை நிறுத்தினார். அவர் டார்ட்மத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த எஞ்சின் நம்மூர் ஏற்றம்தான். நடுவில் தாங்கி நிறுத்திய பெரிய மரம். ஒரு முனையில் பம்புக் கம்பி. மறு முனையில், ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்கிற ஆளின் இடத்தில், 21 அங்குலக் குறுக்களவும் எட்டடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்ட ஒரு உருளை. அதற்குள் நீராவியை விட வேண்டும். நிரம்பியதும் கதவை மூடி உள்ளே பச்சைத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். ஆவி சட்டென்று தண்ணீராகிச் சுருங்கும்; வெற்றிடம் உண்டாகும்; மேலேயிருந்து காற்று பிஸ்டனைக் கீழே அமுக்கும். அங்கே வேலை செய்தது ஆவி அல்ல. ஆவி செத்த இடத்தில் காற்று செய்த வேலை அது.

பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அதைவிடத் துல்லியமாக உருளை குடைய அந்தக் காலத்தில் கருவி கிடையாது. அந்த இடைவெளியை அடைத்தது தோல். பிஸ்டனின் தலையில் ஒரு வட்டத் தோல். அதன் ஓரம் மடங்கிச் சுவரை உரசிக்கொண்டே ஏறி இறங்கும். அதன் மேலே தண்ணீர் தேங்கி நிற்கும். தண்ணீர் இருந்ததால் தோல் விறைக்கவில்லை, வேகவும் இல்லை. பழைய சைக்கிள் பம்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் தோல் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது.

இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 12 முறை ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆவிக் கதவைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், தண்ணீர்க் கதவைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். நிமிடத்துக்கு 48 வேலை. மணிக்கு 2880. ஒன்று பிந்தினாலும் ஆட்டம் கெடும்.

இந்த இடத்தில்தான் அந்தப் பிரபலமான பையன் வருகிறான். கதவுகளைத் திறந்து மூட நிறுத்திய ஹம்ஃப்ரி பாட்டர் என்கிற சிறுவன், விளையாடப் போகும் ஆசையில், கதவின் கைப்பிடிகளை மேலே ஆடும் மரத்தோடு கயிற்றால் கட்டிவிட்டானாம். மரம் ஆட ஆட, கதவுகள் தாமாகத் திறந்து மூடின. பையனின் பெயரை 1744ல் எழுத்தில் போட்டவர் விஞ்ஞானி தெசாகுலியே. 1776ல் ஆடம் ஸ்மித் பெயர் சொல்லாமல் இதே மாதிரிக் கதையைத் தன் பெரிய புத்தகத்தில் சேர்க்க, அது உலகமெல்லாம் போனது. வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. 1719ல் தாமஸ் பார்னி வெட்டிய செப்புத்தகட்டுப் படத்தில், டட்லி எஞ்சினில் கதவுகளைத் தானே இயக்கும் அமைப்பு முழுசாகத் தெரிகிறது. இது விளையாட்டுக் கயிறு இல்லை, யோசித்துச் செய்த வேலை. எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் அந்தக் கதையில் ஒன்று உறுத்துகிறது. தன் உழைப்பை மிச்சப்படுத்திக்கொண்ட பையனைப் பற்றி ஸ்மித் சொல்கிறார். மறுநாள் அந்தப் பையனுக்கு வேலை இருந்ததா என்று சொல்லவில்லை.

பையன் இருந்தானோ இல்லையோ, கை போய்விட்டது. 1718 வாக்கில் ஹென்றி பெய்ட்டன் அந்த அமைப்பைச் செம்மைப்படுத்தினார். ஆடும் மரத்திலிருந்து ஒரு கட்டை செங்குத்தாகத் தொங்கியது. அதில் அங்கங்கே முளைகள். கட்டை ஏறி இறங்கும்போது முளைகள் நெம்புகோல்களைத் தட்டும், கதவுகள் திறக்கும், மூடும். எஞ்சினே தன் கதவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டது.

தோல் வேலையிழந்தது அதற்கு ஐம்பது வருடம் கழித்து. ஜேம்ஸ் வாட் உருளையைக் குளிர விடக் கூடாது என்று முடிவு கட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உருளையைச் சூடேற்றி, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, மறுபடி சூடேற்றுவது விறகுக் கடையைக் கொளுத்துவதற்குச் சமம். 1769ல் அவர் காப்புரிமை வாங்கிய ஏற்பாட்டில் ஆவி வேறொரு பாத்திரத்தில் போய்க் குளிரும்; உருளை சதா கொதித்துக்கொண்டே இருக்கும். அப்படியானால் பிஸ்டன் தலையில் தண்ணீர் தேக்க முடியாது. தண்ணீர் இல்லாமல் அந்தச் சூட்டில் தோல் நிற்காது. வாட் என்னென்னவோ வைத்துப் பார்த்துவிட்டு, கொழுப்பில் ஊறிய சணலுக்கு வந்து சேர்ந்தார். ஆம்பூரின் பென்சில் கோட்டுச் சோதனையில் தோற்ற தோல்போல, நீராவி எஞ்சினின் வயிற்றிலிருந்து தோல் வெளியே வந்தது. அப்புறம் எஞ்சினுக்கு வெளியே பெல்ட்டாகச் சுற்றியதோடு சரி.

வாட்டின் கம்பெனியில் இருந்த வில்லியம் மர்டாக் 1799ல் காப்புரிமை எடுத்த ஸ்லைடு வால்வு, தோற்றத்தில் ரொம்பச் சாதாரணம். ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்து, வரிசையாக உள்ள மூன்று துளைகளின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நகர்ந்தால் இடது துளை வழியாக ஆவி உள்ளே போகும். வலது துளை நடுத் துளையோடு பெட்டிக்கு அடியில் சேர்ந்து, பழைய ஆவி வெளியே போகும். மறுபக்கம் நகர்ந்தால் எல்லாம் தலைகீழ். நாலு கதவின் வேலையை ஒரே பெட்டி பார்த்துவிடும். அதை நகர்த்துவது எக்சென்ட்ரிக். வண்டிச் சக்கரத்தில் அச்சை நடுவில் செருகாமல் ஓரமாகச் செருகினால் வண்டி ஏறி ஏறி இறங்கும் இல்லையா? அந்தப் பிழைதான் எக்சென்ட்ரிக்; வேண்டுமென்றே செய்த பிழை. அச்சு சுற்றும்போது அது வால்வுக் கம்பியை முன்னும் பின்னும் இழுக்கும். உத்தரவு போடும் அதிகாரம் ஆடும் மரத்திலிருந்து சுற்றும் அச்சுக்குக் கைமாறியது.

சுரங்கத்தில் ஒரே இடத்தில் நிற்கும் எஞ்சினுக்கு இது போதும். தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினுக்குப் போதாது. அது பின்னாலும் போக வேண்டும். அதற்கு இரண்டு எக்சென்ட்ரிக் வைத்து, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டிக்கொண்டு திண்டாடினார்கள். 1842ல் நியூகாசிலில் ராபர்ட் ஸ்டீபன்சனின் பட்டறையில், வில்லியம் வில்லியம்ஸ் என்கிற பயிற்சி இளைஞர் ஒரு யோசனையை வரைந்து காட்டினார். அது வரைந்தபடி வேலை செய்யாது. ஆனால் அதே பட்டறையில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் வில்லியம் ஹோ அதைப் பார்த்துவிட்டு, மரத்தில் ஒரு மாதிரி செய்தார். இரண்டு எக்சென்ட்ரிக் கம்பிகளின் முனைகளையும் ஒரு வளைந்த இரும்புச் சட்டத்தின் இரு நுனிகளில் பிணைத்தார். சட்டத்தின் நடுவே ஒரு நீளப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் வால்வுக் கம்பி. சட்டத்தை இறக்கினால் வண்டி முன்னே போகும், ஏற்றினால் பின்னே போகும். உலகம் இதை ஸ்டீபன்சன் லிங்க் என்கிறது. முதலாளி பெயர் நிலைப்பதும் தச்சர் பெயர் அடிக்குறிப்புக்குப் போவதும் எல்லா நாட்டு வழக்கம்தான்.

ஹோவின் சட்டம் எதிர்பாராத ஒன்றையும் கொண்டுவந்தது. சட்டத்தை முழுசாக ஏற்றாமலும் இறக்காமலும் நடுவில் எங்காவது நிறுத்தினால், வால்வு குறைவாக நகரும். ஆவிக் கதவு சீக்கிரமே மூடிக்கொள்ளும். பிஸ்டன் கால் வழி போனதுமே கதவு சாத்தப்பட்டாலும், உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி விரிந்து மீதி முக்கால் வழியையும் தள்ளிவிடும். ஊஞ்சல் ஆட்டுகிறவர் வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே ஓடுகிறாரா என்ன? ஒரு தள்ளு, மீதி தானாக. விரியும் ஆவியிடம் வேலை வாங்கலாம் என்று வாட் முன்பே சொல்லியிருந்தார். அதை டிரைவரின் கையில் ஒரு நெம்புகோலாகக் கொண்டு கொடுத்தது இந்த மரத்தச்சு வேலை.

அந்த நெம்புகோல் நம் பக்கம் வந்த நாள் தெரியும். 1856 ஜூலை 1. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியது. பாதை நவாபின் ஊரான ஆற்காட்டுக்கு என்று பேச்சு, நின்றது பாலாற்றுக்கு இக்கரையில். பிறகு காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கோடு ஏறி, ஜோலார்பேட்டை தாண்டி, 1860களின் தொடக்கத்தில் மலபார்க் கரையைத் தொட்டது. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது.

ராயபுரம் கடல்மட்டம். ஆம்பூர் 300 மீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், எஞ்சினுக்குத் தெரியும். நீராவி டிரைவரின் கைத்திறமை எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால், விசிலிலும் இல்லை, கரி அள்ளுவதிலும் இல்லை, அந்த நெம்புகோலில் இருந்தது என்பேன். புறப்படும்போது கதவு முக்கால் வழி திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் இழுவை கிடைக்கும். ஓட்டம் பிடித்ததும் ஒவ்வொரு பல்லாக நடுவுக்குக் கொண்டுவந்து, கால் வழி, அதற்கும் குறைவு. ஸ்டேஷனை விட்டு வெளியேறும் நீராவி ரயிலின் சத்தம் முதலில் இடிபோல் தனித்தனியாக விழுந்து, போகப் போக மென்மையாகி ஓடுவதை இப்போது சினிமாவில்தான் கேட்க முடிகிறது. வேகம் கூடுவதால் மட்டும் வந்த மாற்றம் அல்ல அது. கதவு சீக்கிரம் சாத்தப்பட, வெளியே வரும் ஆவி களைத்துப்போய் வருகிறது. அந்தக் களைப்பின் சத்தம். ஏற்றம் வந்தால் மறுபடி நெம்புகோல் முன்னே. ஆக, கதவுக்கு இரண்டு எஜமானர். திறக்கச் சொல்வது அச்சு. எவ்வளவு என்று சொல்வது மனிதர். பாட்டர் பையனின் கை, நூறு வருடத்துக்கு மேல் கழித்து, இன்னொரு வழியில் உள்ளே வந்துவிட்டது.

ஜோலார்பேட்டை ஷெட்டில் பிற்காலத்தில் நின்ற எஞ்சின்களில் வால்வு அமைப்பு சக்கரங்களுக்கு வெளியே, பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே ஆடும். அது வால்ஷார்ட்ஸ் கியர். பிரஸ்ஸல்ஸ் ரயில் பட்டறையில் ஃபோர்மனாக இருந்த எகிட் வால்ஷார்ட்ஸ் 1844ல் கண்டது. ஃபோர்மன் தன் பெயரில் காப்புரிமை எடுக்க விதி இடம் கொடுக்கவில்லை. ஃபிஷர் என்கிற பொறியாளர் பெயரில் எடுத்தார்கள். இங்கே மட்டும் எப்படியோ கண்டவர் பெயரே நிலைத்தது, கொஞ்சம் ஆறுதல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த டபிள்யூ.பி., சித்தரஞ்சனில் 1950லிருந்து கட்டிய டபிள்யூ.ஜி. எல்லாவற்றிலும் இதே கியர்தான். அவற்றில் சோப்புப் பெட்டி போய், உருளை வடிவ வால்வு வந்திருந்தது. ஆவியை மறுசூடு காட்டி 300 டிகிரிக்கு மேல் கொண்டுபோனபோது, தட்டை வால்வின் எண்ணெய் கருகியது. ஆவியின் சூடு கூடக்கூட, அதன் வழியில் இருந்தவை ஒவ்வொன்றாக ஓடிப்போயின: தோல், சணல், கொழுப்பு, தட்டை வால்வு.

அமெரிக்காவில் ஜார்ஜ் கார்லிஸ் 1849ல் இன்னொரு பக்கம் போனார். அவருடைய ஆலை எஞ்சினில் கதவை எப்போது சாத்துவது என்பதை வேகத்தை உணரும் கவர்னரே முடிவு செய்தது. நெம்புகோலில் மனிதக் கையே வேண்டாம். விலைக்குப் பதிலாக, மிச்சமாகும் கரியின் காசைக் கொடுங்கள் என்று கேட்டு எஞ்சின் விற்ற துணிச்சல்காரர். தோல் பிரதேசத்துக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தமில்லை, தாண்டிப் போகலாம்.

மெட்ராஸ் ரயில்வேயின் ரயில்கள் பாலாற்று ஓரமாகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், பாதைக்கு இருபுறமும் கிணற்று மேட்டில் தானாகத் திறக்கும் இன்னொரு கதவு வேலை செய்துகொண்டிருந்தது. முழுக்கத் தோல். அதன் பெயர் கவலை. தெற்கே கமலை என்பார்கள். வாய் அகன்ற சால். அதன் அடியில் யானைத் தும்பிக்கைபோல நீளும் தோல் குழாய், அதற்கு வால் என்று பேர். சாலை இழுப்பது தடித்த வடம். அது உயரத்தில் இருக்கும் உருளைமேல் போகிறது. வாலின் நுனியை இழுப்பது மெல்லிய வால்கயிறு. அது கீழே, கிணற்று விளிம்பில் இருக்கும் தாழ்ந்த உருளைமேல் போகிறது. இரண்டும் ஒரே மாட்டு நுகத்தில் கட்டப்பட்டவை. சால் கிணற்றுக்குள் ஏறிவரும்போது வால் மடங்கி, சாலின் வாய்க்குச் சமமாக நிமிர்ந்து நிற்கும். சொட்டுத் தண்ணீர் சிந்தாது. விளிம்புக்கு வந்ததும் சால் மேல் உருளையை நோக்கி ஏறிக்கொண்டே போக, வாலைக் கீழ் உருளை வெளியே இழுத்துவிடும். வால் தாழ்ந்தது, கதவு திறந்தது, தண்ணீர் தொட்டியில் கொட்டியது. மேலே நின்று சாலைக் கவிழ்க்க ஆள் வேண்டாம்; மாடு ஓட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். எப்போது திறப்பது என்பதை இரண்டு உருளைகளின் உயர வித்தியாசமும் இரண்டு கயிறுகளின் நீளமும் முன்பே பேசி முடித்துவிட்டன. பெய்ட்டனின் முளைக்கட்டை செய்ததும் இதையேதான். பெயர் மட்டும் கவலை. இறைக்கிறவருக்கு அந்த ஒரு கவலை இல்லை.

இந்த வால் சீக்கிரம் அழுகும். நாள் முழுக்க நனைந்து, ராத்திரி காய்ந்து, மறுபடி நனையும் பட்டைத் தோல் எத்தனை நாள் தாங்கும்? சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் இதைக் கவனித்தார். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே ஊன்றியவரும் அவரே. அமெரிக்காவில் 1884ல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் கண்டுபிடித்த குரோம் பதனிடலைச் சென்னைக் கலைப்பள்ளியில் 1903 வாக்கில் அவர் பரிசோதனைக்கு எடுத்தபோது, கண் வைத்திருந்த பொருள்களில் இந்தக் கவலைத் தோலும் ஒன்று. அரசாங்கம் தொழில் நடத்துவதா என்று வெள்ளைக்கார வியாபாரிகள் கூச்சல் போட, அந்தச் சிறு டேனரி 1910 வாக்கில் ரேவா சமஸ்தானத்துக்குக் கைமாறியது. குரோம் மட்டும் தங்கிவிட்டது. சென்னைக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனி வந்தது. அந்த இடத்துக்கு இன்றும் குரோம்பேட்டை என்றே பெயர். கொதிநீரில் சுருங்காத தோல் இந்தப் பக்கம் வந்ததில் கிணற்று வாலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். அதே சாட்டர்டன் எண்ணெய் எஞ்சின் பம்புகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கவலையின் சாவுக்கும் வழி செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

வேலூர் பக்கத்து டேனரிகளுக்கு ரொம்ப காலம் நீராவி தேவைப்படவில்லை. குழி வெட்டி, பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, பெரியமேட்டுத் தோல் மண்டி வழியாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றிய அரைப்பதத் தோலுக்கு, ஆளும் தண்ணீரும் பட்டையும் போதும். ஆவாரம்பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அப்போதும் அடுப்பு வேண்டியிருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டியின் யோசனைப்படி, அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்யாதே, முடித்த தோலாக அனுப்பு, செருப்பாக அனுப்பு என்று அரசு திருப்பியது. முடித்த தோல் என்றால் சாயம் ஏற்ற 50, 60 டிகிரி வெந்நீர், ஈரத்தை இழுக்கச் சூடான தகடுகளுக்கு நடுவே வேக்கம் டிரையர், இஸ்திரி. ஒவ்வொன்றுக்கும் ஆவி. ரயில் எஞ்சினிலிருந்து நீராவி ஓய்வு பெற்றுக்கொண்டிருந்த அந்தப் பத்திருபது வருடத்தில்தான், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் டேனரிகளில் பாய்லர் பெருகியது.

பாய்லர் என்றால் சட்டமும் கூடவே வரும். 1863ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்தது. மறுவருடமே வங்காளத்தில் பரிசோதனைச் சட்டம். 1923ல் இந்தியா முழுமைக்கும். பாய்லர் தலையில் உட்கார்ந்திருக்கும் சேஃப்டி வால்வு இந்தக் குடும்பத்தில் மூத்தது. 1681ல் டெனி பாப்பான் தன் பிரஷர் குக்கருக்காகச் செய்தது, நியூகொமனுக்கும் முந்தியது. அதற்கு உத்தரவு போட அச்சும் வேண்டாம், கவர்னரும் வேண்டாம். அழுத்தம் மீறினால் ஆவியே தூக்கித் திறந்துகொண்டு வெளியேறும். ஆபத்து மனிதக் கையில்தான் இருந்தது. கூடுதல் இழுவைக்கு ஆசைப்பட்ட எஞ்சின் டிரைவர்கள் அதை அமுக்கிக் கட்டி வைத்தார்கள். கட்டவே முடியாத மாதிரி ஒன்றை 1855ல் ஜான் ராம்ஸ்பாட்டம் செய்தார். கயிறு கட்டிய பையனைப் புகழ்ந்த உலகம், கயிறு கட்டிய டிரைவரைத் தடுக்க ஒரு வால்வையே உருவாக்க வேண்டி வந்தது.

ஆம்பூரில் நான் பார்க்கப் போனது இதைவிடச் சின்னது. டிரையருக்குக் கீழே, தரையோரம், இரும்புக் குழாயில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு முடிச்சு. ஸ்டீம் டிராப். ஆவி தன் சூட்டைத் தகட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகும். அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆனால் பின்னாலேயே வரும் ஆவியை விடக் கூடாது. உள்ளே அசையும் பாகம் ஒன்றே ஒன்று, நாணயம்போல ஒரு தகடு. ஸ்பிரிங் இல்லை, கயிறு இல்லை. தண்ணீர் வந்தால் தகட்டைத் தூக்கிக்கொண்டு போகும். ஆவி வந்தால் தகட்டுக்கு அடியில் அதிவேகமாகப் பாயும். பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். தகட்டுக்கு மேலே கொஞ்சம் ஆவி சேர்ந்து அழுத்தும். டக். மூடியாயிற்று. மேலே மாட்டிய ஆவி குளிர்ந்து சுருங்கும்வரை அப்படியே இருக்கும். பிறகு மறுபடி திறக்கும். பையன், மரம், அச்சு, டிரைவர், கவர்னர் என்று கைமாறி வந்த உத்தரவு, கடைசியில் கதவு வழியாகப் போகிறதே, அதனிடமே வந்து சேர்ந்துவிட்டது.

இந்தச் சின்னத் தகட்டுக்கு இப்போது வேலை அதிகம். காரணம் பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்ன தீர்ப்பில், தமிழ்நாட்டின் 900க்கும் மேற்பட்ட டேனரிகள் மாட்டின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் தோலைக் கெடாமல் காக்கப் போட்ட உப்பு, எத்தனை வடிகட்டினாலும் கடைசியில் ஒரு கரிப்புத் தண்ணீராக மிஞ்சுகிறது. அதைப் பெரிய பாத்திரங்களில் ஆவியால் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். முதல் பாத்திரத்தில் எழும் ஆவியே இரண்டாவதுக்கு அடுப்பு, இரண்டாவதின் ஆவி மூன்றாவதுக்கு. அடுத்தடுத்த பாத்திரங்களில் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும், குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆவியைச் சுருக்கி வெற்றிடம் பண்ணும் நியூகொமனின் பழைய வித்தை, பாலாற்றங்கரையில் உப்புக் காய்ச்சுகிறது. அந்த ஆற்றில் முன்பு எந்த உப்பும் காய்ச்ச வேண்டியிருக்கவில்லை என்பதை மறக்க முடியாது.

தோல் வால்வு மட்டும் என்ன ஆனது என்று கேட்கலாம். சூடு இல்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கியது. 1970களின் இறுதியில் சென்னையில் செய்யத் தொடங்கிய இந்தியா மார்க் 2 கைப்பம்பின் உள்ளே தோல் வாஷர் இருந்தது. பிறகு ரப்பர் அதையும் தள்ளியது. கடைசியாக அது போய்ச் சேர்ந்த இடம் 37 டிகிரி. 1960களின் இறுதியில் பாரிஸ் அறுவை மருத்துவர் அலென் கார்பென்டியர், பன்றியின் இதய வால்வைக் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்து மனித இதயத்தில் பொருத்தினார். பின்னால் மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வையும் அதே வழியில் பதப்படுத்தினார்கள். குளூட்டரால்டிஹைடு டேனரிக்காரர்களுக்கு அந்நியப் பெயர் இல்லை. குரோம் இல்லாத வெள்ளைத் தோலுக்கு அது ஒரு பதனிடும் சரக்கு. அறுவைக்கூடம் அதைத் திசுவை நிலைப்படுத்துவது என்று சொல்லும். ஆம்பூர்க்காரர் அதைத் தோல் பதமாக்குவது என்பார், தப்பில்லை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடும் இந்த வால்வுக்கும் கயிறு கிடையாது, கம்பி கிடையாது. முன்னால் அழுத்தம் கூடினால் திறக்கும், பின்னால் கூடினால் மூடும். அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியில் நெஞ்சறை அறுவையைத் தொடங்கி வைத்த வேலூருக்கு, இன்று ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

பாய்லர் அறையில் இருந்த அண்ணனிடம் டிராப் கெட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கை வைத்துப் பார்ப்பீர்களா?

"கை வெச்சா வெந்துடும் சார்" என்றார். மேஜை மேலிருந்த நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்து, நுனியை டிராப்பின் தலையில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் குனிந்தார். பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கேட்டார். அடுத்ததற்குப் போனார். மூன்றாவதில் நிமிர்ந்தார்.

"அந்த ரெண்டும் நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுது. இது பாருங்க, உஸ்ஸுனு ஒரே இழுப்பு."

ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார்.